டீச்சரைக் கேளுங்கள்: அடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடாதே

இந்த மாதம் வந்த கடிதங்களில் வேதிச் சமன்பாடு கேட்டு வந்தவைதான் அதிகம். இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 பிள்ளைகளுக்குச் சமன்பாடு வரும் மூன்றாம் பாடம் ஓடிக்கொண்டிருக்கும் நேரம். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன். குறியீடுகளை வாயால் சொல்வதுபோலவே தமிழ் எழுத்தில் கொடுக்கிறேன்: ஹைட்ரஜனுக்கு எச், ஆக்ஸிஜனுக்கு ஓ, கார்பனுக்கு சி, நைட்ரஜனுக்கு என். உங்கள் நோட்டில் வழக்கமான குறியீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: டீச்சர், எனக்குச் சமன்பாடு என்றாலே பயம். எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன், இரண்டு பக்கமும் ஒன்றாக வந்ததும் நிறுத்திவிடுவேன். போன சோதனையில் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராவதை எழுதச் சொன்னார்கள். எச்₂ + ஓ₂ → எச்₂ஓ₂ என்று எழுதினேன். அந்தப் பக்கமும் எச் 2, ஓ 2; இந்தப் பக்கமும் எச் 2, ஓ 2. சரியாகத்தானே இருக்கிறது? ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. ஏன்? – படிவம் 4 மாணவி, லிந்தாங்

பதில்: கண்ணு, உன் கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் நீ எழுதியது தண்ணீர் இல்லை. எச்₂ஓ₂ என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் விற்பார்களே, ஊற்றியதும் வெள்ளையாக நுரை பொங்குமே, அது. முடியை வெளுக்க வைப்பதும் அதுதான். கேட்டது குடிக்கிற தண்ணீர், நீ கொடுத்தது புண் கழுவும் மருந்து. மதிப்பெண் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஒரு குறியீட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன எண், அந்தப் பொருள் எது என்று சொல்கிறது. அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். முன்னால் நிற்கும் பெரிய எண், அந்தப் பொருள் எத்தனை என்று சொல்கிறது. சமன்செய்யும்போது உனக்கு உரிமையுள்ள இடம் முன்னால் மட்டும்.

சனிக்கிழமை காலையில் இங்கே சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் ஒரு வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகள் பேனாவைத் திறக்கும் முன்பே ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்துவிடுவேன். பச்சைப்பயறு ஹைட்ரஜன். சிவப்பு சாகா விதை ஆக்ஸிஜன். திடலோரம் அந்த மரம் நிற்கிறது, மழை விட்டதும் போனால் ஒரு கை அள்ளி வரலாம். ரப்பர் கொட்டை கார்பன். ஒட்டுவதற்குப் பிசைந்த சப்பாத்தி மாவு.

போன வாரம் ஒரு பையன் உன் கணக்கையே போட்டான். இடப்பக்கம் பயறு இரண்டு ஒட்டி ஒரு ஜோடி, சாகா இரண்டு ஒட்டி ஒரு ஜோடி. “தண்ணீர் செய்” என்றேன். ஜோடிகளைப் பிய்த்தான். இரண்டு பயறையும் ஒரு சாகாவையும் மாவில் ஒட்டி வலப்பக்கம் தள்ளினான். இடப்பக்கத்தில் ஒரு சாகா தனியாக நின்றது. அதை விரலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தான். “இதை என்ன டீச்சர் செய்வது?” என்றான். “நீயே பாரு” என்றேன். பக்கத்தில் இருந்தவள் “தண்ணியிலயே ஒட்டிடு” என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் தலையாட்டினான், “அது தண்ணியா இருக்காதே.” சிறிது நேரம் போயிற்று. பிறகு டப்பாவில் கையை விட்டு இன்னொரு ஜோடிப் பயறை எடுத்து, பிய்த்து, தனியே கிடந்த சாகாவோடு சேர்த்தான். இரண்டாவது தண்ணீர். இடப்பக்கம் காலி. அப்புறம்தான் நோட்டைத் திறந்து எழுதினான்:

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

அந்த 2 எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டப்பாவுக்குள் அவன் கை இன்னொரு தடவை போனது, அதுதான் அந்த 2. நீயும் வீட்டில் ஒரு முறை செய்து பார். இரண்டு மூன்று நாள் தட்டில் செய்தால், பிறகு தட்டு இல்லாமலே மனசுக்குள் உருட்ட வரும்.

தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு என்பதை உலகமே சுலபமாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அணுக்கொள்கையைத் தந்த இங்கிலாந்தின் ஜான் டால்டன், நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று என்றுதான் கொண்டிருந்தார். அவர் தன் கொள்கையை 1808-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு அணு எடையை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த குழப்பம் தீரும் வழி, 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரத்தில் வேதியியலாளர்கள் கூடியபோதுதான் திறந்தது. இத்தாலியரான கனிசாரோ அங்கே எடுத்துவைத்த விளக்கம்தான் பலரைத் தெளியவைத்தது. அந்தச் சின்ன 2 தன் இடத்தில் உறுதியாக உட்கார அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதை ஒரு சோதனைத்தாளில் நாம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, கண்ணு.

இரண்டு பக்கமும் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிரான்சின் லவுவாசியே 1774 வாக்கில் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மூடிச் சூடாக்கினார். நம் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த அதே உலோகம். உள்ளே அது சாம்பல் போலப் பொடிந்தது. கலத்தோடு நிறுத்தார்: எடை முன்பு இருந்ததுதான். மூடியைத் திறந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்தது, அப்போதுதான் எடை கூடியது. உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியை வெள்ளீயம் பிடித்துக்கொண்டிருந்தது, அந்தக் காலி இடத்தைத்தான் வெளிக்காற்று நிரப்பியது. எதுவும் புதிதாய்ப் பிறக்கவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. உன் தட்டில் நடப்பதும் இதேதான்.

இரும்பு துருப்பிடிப்பதையும் கேட்பார்கள். துருவில் இரும்பு 2, ஆக்ஸிஜன் 3 (உண்மையான துருவில் நீரும் சேர்ந்திருக்கும், சோதனையில் இப்படித்தான் எழுதச் சொல்வார்கள்). ஆக்ஸிஜன் வலப்பக்கம் மூன்று மூன்றாக வருகிறது, இடப்பக்கம் இரண்டு இரண்டாக வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் 6. ஆகவே மூன்று ஓ₂, இரண்டு துரு, அதற்கு நான்கு இரும்பு. அணு எடைகளை (இரும்பு 56, ஆக்ஸிஜன் 16) வைத்து எடை போட்டுப் பார்: 224 கிராம் இரும்பும் 96 கிராம் ஆக்ஸிஜனும் சேர்ந்து 320 கிராம்.

*

கேள்வி: டீச்சர், கேஸ் அடுப்பில் குழாய்த்தண்ணீர் பிடித்த பெரிய பானையை வைத்ததும் பானையின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. சொட்டுச் சொட்டாக அடுப்பில் விழுந்து ‘சுர்’ரென்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பானையில் ஓட்டை இல்லை, பார்த்துவிட்டேன். கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) தண்ணீர் கலந்து ஏமாற்றுகிறார்களா? – குடும்பத்தலைவி, சாலாக் உத்தாரா

பதில்: ஏமாற்றவில்லை அம்மா. அந்தத் தண்ணீர் உங்கள் அடுப்பிலேயே அந்த நிமிடம் உண்டானது. கேஸ் எரியும்போது தண்ணீர் பிறந்தே ஆக வேண்டும். எவ்வளவு பிறக்கும் என்பதைச் சமன்பாடு சொல்லிவிடும், அதனால் உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தோங்கில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள், அழுத்தத்தில் திரவமாக அடைத்தது. புரொப்பேனை எடுத்துக்கொள்வோம்: கார்பன் 3, ஹைட்ரஜன் 8, அதாவது சி₃எச்₈. எரிவது என்றால் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வது. தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி என்று படித்திருப்பீர்கள். கார்பன் கரிவளியாக (கார்பன் டையாக்சைடு, சிஓ₂) போகும், ஹைட்ரஜன் நீராகப் போகும்.

கார்பன் மூன்று இருக்கிறது, மூன்று கரிவளி ஆகும். ஹைட்ரஜன் எட்டு இருக்கிறது, ஒரு நீருக்கு இரண்டு வேண்டும், நான்கு நீர் ஆகும். இப்போது வலப்பக்கத்தில் ஆக்ஸிஜனை எண்ணுங்கள்: மூன்று கரிவளியில் 6, நான்கு நீரில் 4, மொத்தம் 10. காற்றில் அது ஜோடி ஜோடியாக இருப்பதால் ஐந்து ஜோடி வேண்டும்.

சி₃எச்₈ + 5ஓ₂ → 3சிஓ₂ + 4எச்₂ஓ

ஆக்ஸிஜனைக் கடைசியில் எண்ணினேன், கவனித்தீர்களா? அது தனியாக நிற்கும் பொருள். அதன் முன்னால் எந்த எண்ணைப் போட்டாலும் மற்றது எதுவும் கலையாது. வீட்டில் படிவம் 4 பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்கள்: கூட்டாளிகளோடு சேர்ந்திருப்பதை முதலில் எண்ணு, தனியாக நிற்பதைக் கடைசியில் எண்ணு.

இனி எடை. 44 கிராம் புரொப்பேன் எரிந்தால் 72 கிராம் தண்ணீர் வருகிறது. எரிந்த கேஸைவிடத் தண்ணீர் அதிகம்! மீதி எடை உங்கள் சமையலறைக் காற்றிலிருந்து வந்தது. 44 கிராம் கேஸுக்கு 160 கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. அப்படியானால் ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகக் கிளம்புகிறது. பானை குளிர்ந்திருக்கும்வரை அந்த ஆவி வெளிப்பக்கத்தில் படிந்து சொட்டும். பானை சூடேறியதும் படியாது, அப்படியே காற்றோடு போய்விடும். நீங்கள் பார்த்தது எல்லாம் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள்.

பியூட்டேனுக்கு (சி₄எச்₁₀) போட்டால் ஆக்ஸிஜன் ஆறரை ஜோடி என்று வரும். அரை ஜோடியைக் கண்டு பிள்ளைகள் பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். மொத்தத்தையும் இரண்டால் பெருக்கினால் போதும்: 2சி₄எச்₁₀ + 13ஓ₂ → 8சிஓ₂ + 10எச்₂ஓ.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து பானை அடியில் கரி பிடித்தால், ஆக்ஸிஜன் போதவில்லை என்று பொருள். அப்போது சமன்பாடே வேறு: 2சி₃எச்₈ + 7ஓ₂ → 6சிஓ + 8எச்₂ஓ. ஐந்து ஜோடி வேண்டிய இடத்தில் மூன்றரைதான் கிடைத்தது, அதனால் கரிவளிக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசமில்லை, ஆளைக் கொல்லும். அடுப்பின் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், மழையென்று ஜன்னலை முழுக்கச் சாத்திக்கொண்டு சமைக்காதீர்கள்.

*

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் அறிவியலில் முதல் மாணவன். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் படித்துத் தடுமாறுகிறான். வேதியியல் எடுக்க வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது? – லோரி ஓட்டுநர், ஜாலோங்

பதில்: எடுக்கட்டும் தம்பி. தயங்க வேண்டாம். நான் 31 வருடம் வேதியியல் கற்பித்தேன். முதலில் மலாயில் கற்பித்தேன். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின, ஆங்கிலத்தில் கற்பித்தேன். 2012 முதல் மறுபடி படிப்படியாக மலாய்க்கு வந்தது. என் குறிப்புகளை எல்லாம் இரண்டு முறை திருப்பி எழுதினேன். அத்தனை மாற்றத்திலும் பலகையில் இருந்த சமன்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மலாய்ச் சொற்கள் ஐந்தாறுதான், அவற்றை உங்கள் மகனுக்கு ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டிக் கொடுங்கள். பெர்சாமான் கிமியா என்றால் வேதிச் சமன்பாடு. திண்டாக் பாலாஸ் என்றால் வினை. பாஹான் திண்டாக் பாலாஸ், வினையில் இறங்கும் பொருள், இடப்பக்கம். ஹாசில் திண்டாக் பாலாஸ், விளையும் பொருள், வலப்பக்கம். பெக்காலி என்பது முன்னால் நிற்கும் எண், நம் பாடநூல்களில் கெழு. செய்ம்பாங் என்றால் சமநிலை.

மலாயில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு நன்மையும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வைக்கும் முறையை 1813 வாக்கில் தொடங்கியவர் சுவீடன் நாட்டு பெர்சேலியஸ். அவர் லத்தீன் பெயர்களிலிருந்து எழுத்தை எடுத்தார். இரும்புக்கு ஏன் எஃப்-இ என்று ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டும். மலாய்ப் பாடநூலில் அதன் பெயரே ஃபெரும். செம்பு குப்ரும், குறியீடு சி-யூ. வெள்ளி அர்கெந்தும், ஏ-ஜி. வெள்ளீயம் ஸ்தானும், எஸ்-என். சோடியம் நாத்ரியும், என்-ஏ. பெயரைச் சொன்னாலே குறியீடு வாயில் வந்துவிடுகிறது. இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அவன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

*

கேள்வி: டீச்சரம்மா, நான் 28 வருசம் ரப்பர் பால் வெட்டினவன். வாளியில் பால் கெடாமல் இருக்க அமோனியா ஊற்றுவோம். ஸ்டோரில் அதே பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஒன்று உறையாமல் காப்பது, ஒன்று உறைய வைப்பது. இரண்டும் ஒரே பாலில் விழுந்தால் என்ன நடக்கும்? பேத்தி சமன்பாடு படிக்கிறாள், இதற்கும் சமன்பாடு உண்டா? – ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்

பதில்: உண்டு ஐயா. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் 22 வருடம் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர்.

ரப்பர் பாலில் ரப்பர் துளிகள் தனித்தனியாக மிதக்கின்றன. ஒவ்வொரு துளியையும் புரதச் சவ்வு ஒன்று மூடியிருக்கும், அதன்மேல் எதிர்மின்னேற்றம். ஒரே மின்னேற்றம் என்பதால் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, ஒட்டாமல் பாலாகவே இருக்கின்றன. சும்மா விட்டால் பாக்டீரியா பெருகி அமிலம் உண்டாக்கும். அமிலத்தின் நேர்மின்னேற்றமுள்ள ஹைட்ரஜன் துகள்கள் (அயனிகள்) அந்த மின்னேற்றத்தைத் தீர்த்துவிடும், துளிகள் மோதிச் சவ்வு கிழிந்து ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மரத்தில் கட்டிய மங்கில் (பால் வடியும் கிண்ணத்தில்) மிஞ்சிய பால் மறுநாள் கட்டியாகக் கிடக்குமே, அது இப்படித்தான். அமோனியா பாக்டீரியாவையும் அடக்குகிறது, வரும் அமிலத்தையும் தீர்க்கிறது. ஸ்டோரில் ஊற்றும் ஃபார்மிக் அமிலம், பாக்டீரியா மெல்லச் செய்வதை ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. சில வகை எறும்பு கடித்தால் சுரீரென்று எரிய வைப்பதும் அதே அமிலம்தான்; அதன் பெயரே எறும்பின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது.

இரண்டும் ஒரே பாலில் விழுந்தால் முதலில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்:

என்எச்₃ + எச்சிஓஓஎச் → எச்சிஓஓஎன்எச்₄

அமோனியா ஒன்று, ஃபார்மிக் அமிலம் ஒன்று, அமோனியம் ஃபார்மேட் என்ற உப்பு ஒன்று. இருபக்கமும் எண்ணச் சொல்லுங்கள் பேத்தியை: நைட்ரஜன் 1, கார்பன் 1, ஆக்ஸிஜன் 2, ஹைட்ரஜன் 5. முன்னால் எந்த எண்ணும் தேவையில்லை. எடையில் 17 கிராம் அமோனியா 46 கிராம் அமிலத்தைத் தின்றுவிடும். உப்பு 63 கிராம்.

இந்த 17-ம் 46-ம் எங்கள் வீட்டுக்கதை. ஒருநாள் காலையில் அப்பா ஸ்டோரைத் திறந்தபோது தொட்டியில் பால் பாலாகவே கிடந்தது. வழக்கமான அளவு ஆசிட்டைத்தான் முந்தின நாள் அளந்து, தண்ணீரில் கலந்து, துடுப்பால் கிண்டி, நுரையை வழித்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். உறையவில்லை. ஆசிட்டை அளக்கத் தெரியவில்லை என்று நிர்வாகத்தில் சொன்னார்கள், கூலியில் பிடித்தார்கள். அப்பா வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து, “அளவு சரிதான்மா, எனக்குத் தெரியும்” என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் எனக்கு ஞாபகம். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

படிவம் 4-இல், அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் நடுநிலையாக்கல் பாடம் வந்த அன்று எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடி வந்து, “அப்பா, அன்றைக்கு வந்த பாலில் அமோனியா வாடை அதிகமாக இருந்ததா?” என்று கேட்டேன். யோசித்தார். “கண்ணெல்லாம் எரிஞ்சது. மழை வரும்னு தூரத்து நிரைக்காரங்க கூடவே ஊத்திட்டாங்க” என்றார். நோட்டில் இந்தச் சமன்பாட்டை எழுதி, கீழே 17, 46 என்று போட்டுக் காட்டினேன். அவர் ஊற்றிய ஆசிட்டை அமோனியா தின்றுவிட்டது, உறைய வைக்க மிச்சமில்லை. அப்பாவுக்கு அந்த எழுத்துகள் படிக்கத் தெரியாது. 46 என்ற எண்ணின்மேல் விரலை வைத்தார். ஆசிட் பட்டுப் பட்டு நகத்தடியில் தோல் உரிந்த விரல். கையுறை என்று ஒன்று அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. “அப்ப அளவு சரி” என்றார். அந்தத் தாளைக் கிழித்து வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

ஐயா, உங்கள் பேத்தியை ஒருநாள் கோலா கங்சாருக்கும் அழைத்துப் போங்கள். 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் மரமாக நிற்கிறது. வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள். நம் மூன்று தலைமுறையின் சோறு அங்கிருந்து தொடங்கியது. ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஒரு கண்ணியில் கார்பன் 5, ஹைட்ரஜன் 8. அது முழுமையாக எரிந்தால் எத்தனை ஜோடி ஆக்ஸிஜன் வேண்டும் என்று வழியில் கேளுங்கள். ஏழு என்று சொன்னால் செண்டோல் வாங்கிக் கொடுங்கள்.

*

கேள்வி: சமன்பாட்டின் நடுவில் அம்புக்குறியா, சமக்குறியா? – படிவம் 4 மாணவன், சுங்கை சிப்புட்

பதில்: அம்பு. சமக்குறி போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றே என்றாகும். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்த வாயுவும் தண்ணீரும் ஒன்றல்லவே. எது எதுவாக மாறியது என்று அம்பு காட்டுகிறது. இருதிசையிலும் நடக்கும் வினைக்கு எதிரெதிர் அம்புகள். திண்மம், திரவம், வாயு, கரைசல் என்று நிலைகளைக் கேட்டால் மறக்காமல் போடு, அதற்கும் மதிப்பெண் போகிறது.

*

கேள்வி: டீச்சர், எங்கள் பாட்டிக்குக் கண் மங்கல், அதனால் நான் எழுதுகிறேன். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு டப்பாவில் மேலே வெள்ளையாக ஏடு கட்டி, பிறகு கல்லாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றினாலும் கரையவில்லை. கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று பாட்டி சண்டைக்குப் போகிறார். – பேரன், படிவம் 5, லிந்தாங்

பதில்: தம்பி, கடைக்காரரை விட்டுவிடச் சொல். டப்பாவில் நடப்பது நீ படித்த பாடம்தான், அதுவும் நம் பேராக் மாநிலத்துப் பாடம். ஈப்போவிலிருந்து இங்கே வரும் வழியெல்லாம் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளை நினைத்துக்கொள். அந்தக் கல் கால்சியம் கார்பனேட். சூளையில் 900 பாகை அளவில் சுட்டால் கரிவளி வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்: கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + சிஓ₂. 100 கிராம் கல் போட்டால் 56 கிராம்தான் மிஞ்சும், 44 கிராம் காற்றோடு போய்விடும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பூத்து, பாட்டி தடவும் சுண்ணாம்பாகும்: கால்சியம் ஹைட்ராக்சைடு.

இனி டப்பா. திறந்து வைக்கும் ஒவ்வொரு முறையும் காற்றிலுள்ள கரிவளி உள்ளே வருகிறது:

கால்சியம் ஹைட்ராக்சைடு + சிஓ₂ → கால்சியம் கார்பனேட் + எச்₂ஓ

சூளையில் இழந்த கரிவளியைச் சுண்ணாம்பு திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி மலைக்கல்லாகிவிடுகிறது. பாட்டி கல் என்று சொன்னது சரியான சொல். 74 கிராம் சுண்ணாம்பு 44 கிராம் கரிவளியை வாங்கி, 100 கிராம் கல்லும் 18 கிராம் நீரும் தருகிறது, இருபக்கமும் 118. ஆக்ஸிஜனை நீயே எண்ணிப் பார், சுண்ணாம்பில் 2, கரிவளியில் 2. அந்தப் பக்கம் கல்லில் 3, நீரில் 1. சோதனைக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் ஊதினால் பால்போல வெளுக்குமே, அதே வினை. அங்கே அரை நிமிடத்தில் பார்த்ததைப் பாட்டியின் டப்பா இரண்டு வாரமாகச் செய்கிறது.

கல்லானதைத் தண்ணீரால் மீட்க முடியாது, தூக்கிப் போட்டுவிடு. புதுச் சுண்ணாம்பை இறுக்கமான மூடி உள்ள சின்னப் போத்தலில் வைத்து, அதன்மேல் விரல் நுனி அளவுக்குத் தண்ணீர் நிற்க விடு. கரிவளி முதலில் அந்தத் தண்ணீரோடுதான் மோதும், ஏடு அங்கேயே நின்றுவிடும். பாட்டி வெற்றிலை போடும்போது நீயே திறந்து, எடுத்துக் கொடுத்து, உடனே மூடிவிடு.